காது நறுக்கின பூனைங்க

வாங்க டாக்டரம்மா. கூண்டெல்லாம் வண்டியிலயே இருக்கட்டும், எறக்க வேண்டாம். எறக்கினா நாலு பேரு பாப்பாங்க, நாலு விதமாக் கேப்பாங்க. உள்ள வாங்க. அந்த நாற்காலிக்கு ஒரு காலு ஆடும், இதுல உக்காருங்க. டீ போட்டு வெச்சிருக்கேன். சர்க்கரை கம்மிதானே உங்களுக்கு? ஞாபகம் வெச்சிருக்கேன் பாருங்க.

மொதல்ல ஒரு விசயத்தச் சொல்லிடுறேன். போன்ல, புதுசா இருவது பூனை வந்திருக்கு, கூண்டோட வாங்கன்னு சொன்னேன்ல? அது பொய். ஒரு பூனையும் வரல. இந்த சுனாமி குடியிருப்புலயே இப்ப ஒரே ஒரு பூனைதான் இருக்கு, அதுவும் பூட்டின கதவுக்கு உள்ள. கோவிச்சுக்காதீங்க. பூனைன்னு சொன்னாத்தான் நீங்க கெளம்பி வருவீங்க. ஒரு பொம்பளைக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னா, நான் மாட்டு டாக்டரு, பூனை டாக்டரு, அவங்கள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லி போன வெச்சிருப்பீங்க. சொல்லியிருப்பீங்களா மாட்டீங்களா? அதான்.

நீலாவுக்குத்தாம்மா. நீலாயதாட்சி. கடைசி வரிசை, கடல் பாத்த மூணாவது வீடு. நீங்க மறந்திருக்க மாட்டீங்க, பூனைங்களக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒண்ணொண்ணா உங்க கூண்டுல ஏத்தி விட்டாளே, அவதான். ரெண்டு மாசமா அவளுக்கு ரத்தப்போக்கு நிக்கல. ஒரு நாள் தானே நடந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கா. கர்ப்பப்பையில கட்டி, உடனே எடுக்கணும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னு சீட்டு எழுதிக் குடுத்திருக்காங்க. சீட்ட வாங்கிட்டு வந்து கதவச் சாத்தினவதான். நர்சு போயி கூப்பிட்டுச்சு, வரல. ஜன்னல் வழியா பாத்துட்டு வந்து என்கிட்ட சொல்லுது, ‘இந்திராணியக்கா, மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கெடக்கு, இனிமே தள்ளிப்போட்டா ஆளு தங்காது’ன்னு. நாளைக்கு அங்க ஆபரேசன் நாளு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சேத்தாத்தான் நாளைக்கு எடுப்பாங்க. மாரியம்மன் கோயில் முக்குல ஒரு ஆட்டோ நிக்கிதே, பாத்தீங்களா? நான் நிறுத்தி வெச்சதுதான். வெளியூர் ஆட்டோ.

அவ அந்தக் கதவத் தொறந்து வெளிய வரணும். அவ்வளவுதான் வேணும். அதுக்கு நீங்கதான் வேணும்.

ஏன் நான் போகக்கூடாதுன்னு கேக்குறீங்க. அதச் சொல்லத்தானே கூப்பிட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சது பாதிதான்.

நானும் அவளும் ஒரே வருசம் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவங்க. அவ என்னைவிட சின்னவ. நல்ல வேலைக்காரி, மீன் அறுக்க உக்காந்தான்னா கத்தி போறது கண்ணுக்குத் தெரியாது. ஆனா ஒண்ணும் சுயமா முடிவெடுக்கத் தெரியாது. சேலை எடுக்கப் போனாக்கூட, ‘யக்கா, நீயே பாத்துச் சொல்லுக்கா’ம்பா. நான்தான் பாத்துச் சொல்லுவேன். இந்த ஊருல எத்தனை பேருக்கு நான் பாத்துச் சொல்லியிருக்கேன். மகளிர் குழுத் தலைவின்னா சும்மாவா?

சுனாமிக்கு முந்தின வருசம் குடும்பக் கட்டுப்பாடு முகாம் போட்டாங்க. அப்ப இருந்த நர்சம்மா என்கிட்ட, ‘இந்திராணி, உன் குப்பத்துலேருந்து பத்து பேரக் கூட்டிட்டு வந்துடு’ன்னு சொல்லிடுச்சு. ஒம்பது பேரு சேந்துட்டாங்க. நீலாவுக்கு மூணு புள்ளைங்க. பெரியவனுக்கு எட்டு, பொண்ணுக்கு ஆறு, கடைக்குட்டிக்கு ரெண்டு. மூணு போதாதா? அவ தயங்குறா. ‘யக்கா, நாளைக்கு எதாவது ஒண்ணு ஆயிட்டா?’ங்குறா. ‘என்னடி ஆகும், கிறுக்கி. அறுக்கிறதில்ல, முடிச்சுதான் போடுறாங்க. வேணும்னா அவுத்துக்கலாம்’னு சொன்னேன். கையப் புடிச்சு வேன்ல ஏத்தினேன். நான் சொன்னது அந்த நர்சம்மா சொன்னதுதாம்மா. அது என்கிட்ட சொல்லுச்சு, அவுக்கிறது கஷ்டம், அவுத்தாலும் தங்காது, ஆனா அதையெல்லாம் சொன்னா ஒருத்தியும் வரமாட்டா… இல்ல, இல்ல. அது அப்பறம் சொன்னது. சுனாமிக்கு அப்பறம். எத்தனை வருசமாச்சு, எது முன்ன எது பின்னன்னு யாருக்கு ஞாபகம் இருக்கு.

நான் பண்ணிக்கிட்டேனாவா? எனக்கு அப்ப ரத்தம் கம்மி.

சுனாமியப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஞாயித்துக்கெழம காலையில வந்துச்சு. என் ரெண்டு பசங்களும் அரைப்பரீச்ச லீவுக்கு மாயவரத்துல எங்கம்மா வீட்டுல இருந்தாங்க, பொழச்சாங்க. நீலாவோட சேல ஒரு தென்னைமரத்துல மாட்டிக்கிச்சு, அவ பொழச்சா. மூணு புள்ளைங்களும் போயிட்டாங்க. பெரியவன் மட்டும் கெடைக்கவேயில்ல. மத்த ரெண்டையும் எல்லாரோடவும் சேத்து அதோ அந்த சவுக்குத் தோப்புப் பக்கம் பொதைச்சோம், இப்ப கல்லு நட்டு வெச்சிருக்காங்களே, அங்க.

அப்பறம் அரசாங்கத்துல சொன்னாங்க, புள்ளைங்களப் பறிகொடுத்தவங்களுக்கு மறுபடி சேத்து வெச்சுத் தைக்கிறோம்னு. அதுக்கும் நான்தான் அவளக் கூட்டிட்டுப் போனேன். யாரு கூட்டிட்டுப் போனா? அவ புருசனா? அவன் சாராயத்துல கெடந்தான். தைச்சாங்க. ஆனா தங்கல. ரெண்டு வருசம் மாசாமாசம் விரலு விட்டு எண்ணிக்கிட்டு இருந்தா. புருசன் காரைக்காலுக்குப் போயி வேற ஒருத்தியோட குடும்பம் வெச்சுட்டான், அவனுக்கு அங்க ரெண்டு புள்ளைங்க. இவ அந்த மூணாவது வீட்டுல தனியா இருந்தா. பூனைங்க அப்பறம் வந்ததுதான்.

ஊருல சொல்லுவாங்க, செத்த புள்ளைங்க பேரையெல்லாம் பூனைக்கு வெச்சிருக்கான்னு. பொய்யி. ஒண்ணுக்கும் பேரு கெடையாது. எல்லாத்தையும் ‘வாடா’ன்னுதான் கூப்பிடுவா. ஏலக்கூடத்துல மீனு அறுத்துட்டு, கொடலையும் செவுளையும் வாளியில போட்டுக்கிட்டு வருவா. வாசல்ல கொட்டிட்டு ‘வாடா’ன்னு ஒரே ஒரு குரலு. கூரை மேலேருந்து, வலைக்கு அடியிலேருந்து, அங்கேருந்து இங்கேருந்துன்னு முப்பது நாப்பது வந்து நிக்கும். வேற யாரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காது. நான் நெத்திலிய நீட்டினாக்கூட வராது. எனக்கு அதுல வருத்தம்தான்.

போன மீன்பிடித் தடைக்காலத்துல வந்துச்சு வினை. ரெண்டு மாசம் லாஞ்சு கெடையாது, மீனு கெடையாது, கொடலு கெடையாது. நீலா கஞ்சியில கருவாட்டப் பெசஞ்சு போட்டுப் பாத்தா, நாப்பது வாயிக்கு எங்க பத்தும்? பசியில பூனைங்க கருவாட்டுப் பரண்ல ஏற ஆரம்பிச்சுடுச்சு. என் மருமவ காயப்போட்ட நெத்திலி மேல ஒண்ணு மூத்திரம் பேஞ்சு வெச்சுடுச்சு. பொம்பளைங்க எல்லாம் கூடிக்கிட்டு நாட்டார்கிட்ட போனாங்க. எங்க ஊருல நாட்டாரு சொன்னா சொன்னதுதான், போலீசெல்லாம் அப்பறம். அவரு, எலி மருந்த மீனுல தடவி வெச்சுடுங்கன்னுட்டாரு.

வேண்டாம்னு சொன்னது யாரு? நான்தான். அத்தனை ஆம்பளைங்க நடுவுல நின்னு, ‘மாமா, வாயில்லா சீவன், பாவம் வேண்டாம், குட்டி போடாம பண்ணிட்டா தானா கொறஞ்சுடும், டவுன்ல அதுக்கு ஆளுங்க இருக்காங்க’ன்னு சொன்னேன். பூனைக்கு யாரு மணி கட்டுறதுன்னு கேப்பாங்கல்ல, நான் கட்டினேன். உங்களுக்கு போன் பண்ணினேன். நீங்களும் வந்தீங்க, பாத்தீங்க. ‘இதுங்க அந்தம்மாகிட்ட மட்டும்தான் வருது, அவங்ககிட்ட எடுத்துச் சொல்லி சம்மதம் வாங்கிடுங்க’ன்னு சொன்னீங்க. சரின்னேன்.

சொன்னேன். வெறிநோய்க்குத் தடுப்பூசின்னு சொன்னேன்.

அப்படிப் பாக்காதீங்க டாக்டரம்மா. உள்ளதச் சொல்லியிருந்தா அவ விட்டிருப்பாளா? நீங்களே சொல்லுங்க. கர்ப்பப்பையை அறுத்து எடுக்கப் போறாங்க நீலா, ஒவ்வொண்ணாப் புடிச்சுக் குடுன்னு அவகிட்ட போயி எந்த வாயால சொல்லுறது? சொல்லாம விட்டா எலி மருந்து. பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன்னு ரெண்டு பக்கமும் நான் ஒருத்தியே நிக்க வேண்டியிருந்துச்சு. அவ என்ன கேட்டா தெரியுமா? ‘ஊசி போட்டா வலிக்குமாக்கா?’ன்னு கேட்டா. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்னேன். அவளே தூக்கித் தூக்கி விட்டா. முப்பத்தி நாலு. நாலு நாளுல கொண்டாந்து விட்டுடுவோம்னு நீங்க சொன்னதும் வண்டிக்குப் பின்னாடியே ரோடு வரைக்கும் வந்தா.

அந்த செவலைப் பூனை விசயம் இருக்கே. அதுக்கு எனக்கு மனசு கேக்கலதான். நீங்க வந்தப்பவே கேட்டீங்க, பால் குடுக்கிற தாய்ப்பூனை இருந்தா சொல்லுங்க, அத விட்டுடலாம்னு. அதெல்லாம் ஒண்ணும் இல்லன்னேன். எனக்குத் தெரியாதும்மா. நீலாவுக்குத் தெரியும். அவ ஏன் சொல்லல? ஊசிதானே, பால் குடுக்கிற பூனைக்கும் போட்டா நல்லதுதானேன்னு நெனச்சிருக்கா. மறுநாளு நீங்க போன் பண்ணினீங்க, மடியில பாலு கட்டியிருக்கு, குட்டி எங்கயாவது இருக்கா பாருங்கன்னு. குட்டியெல்லாம் செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? இருக்கான்னு அவகிட்ட கேக்கப் போனா, பால் குடுக்கிறதுக்கு என்ன, ஊசிதானேம்பா. ஒண்ணுக்கு பதில் சொன்னா இன்னொண்ணு கெளம்பும். குட்டிங்க ரெண்டு நாளு தாங்கும்னு நெனச்சேன்.

தாங்கல. கவுத்துப் போட்ட கட்டுமரத்துக்கு அடியில, பழைய வலைக் குவியல்ல கெடந்துச்சு. நாலு. நீங்க பூனைங்களக் கொண்டாந்து விட்ட அன்னிக்கு, செவலை நேரா அங்கதான் ஓடுச்சு. நீலா பின்னாடியே போனா. நீங்களும் பாத்தீங்களே.

அதுக்கு முன்னாடியே அவ கேட்டுட்டா. கூண்டத் தொறந்ததும் ஒண்ணத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு, ‘ஊசிக்கு ஏன் காதை நறுக்கினாங்க? வயித்துல ஏன் மசிர வழிச்சிருக்கு?’ன்னா. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க. ‘அம்மா, கர்ப்பப்பையை எடுத்துட்டோம், ஆணுக்கு விதை எடுத்துட்டோம், ஆபரேசன் ஆனதுக்கு அடையாளமா எடது காது நுனிய நறுக்கியிருக்கோம். உங்களுக்குத் தெரியும்னுதானே சொன்னாங்க?’ன்னு. அப்படியே போட்டு ஒடச்சுட்டீங்க. கொஞ்சம் பொறுத்திருந்தா நான் பதமாச் சொல்லியிருப்பேன். அப்பறம் அந்த நாலு குட்டியையும் பாத்துட்டு மண்ணுல உக்காந்து நீங்க அழுதீங்க. ‘என் தப்பும்மா, நான் நேர்ல வந்து உங்ககிட்ட கேட்டிருக்கணும்’னு அவ கையப் புடிச்சுக்கிட்டீங்க. உங்க தப்பு என்ன அதுல? ஆனா அவ அழல. உங்க தலையத் தடவி விட்டா. அவளுக்கு உங்க மேல அன்னிக்கு ஒரு மதிப்பு வந்துடுச்சு. உள்ளதச் சொன்ன பொண்ணுன்னு அப்பறம் கூட சொன்னா.

பதினஞ்சு நாளு என்கூடப் பேசல. அப்பறம் ஒரு சாம்பல் பூனைக்குத் தையல் பிரிஞ்சு சீழ் வெச்சுடுச்சு. அதத் தூக்கிக்கிட்டு என் வாசலுக்குத்தான் வந்தா. வேற யாருகிட்ட வருவா? மஞ்சள அரைச்சுப் போட்டோம். ‘நீலா, உன் நல்லதுக்குத்தான்டி’ன்னு சொன்னேன். ‘விடுக்கா’ன்னா. அவ்வளவுதான். அந்த ஒரு பூனைய மட்டும் புண்ணு ஆறுற வரைக்கும் வீட்டுக்குள்ளயே அடைச்சு வெச்சிருந்தா. அதான் அது இன்னைக்கும் இருக்கு.

நீங்க கேக்க வந்தது அதுதானே. மத்த முப்பத்தி மூணும் எங்கன்னு.

தடைக்காலம் முடிஞ்சு மொத தொழிலுக்கு லாஞ்செல்லாம் போச்சு. சாமி கும்புட்டு, தேங்கா ஒடச்சு, எல்லாம் பண்ணித்தான் போச்சு. பாடே இல்ல, மீனே படல. ஒரு வாரம் போயிட்டு ஐஸ் பெட்டி காலியாத் திரும்பி வர்றாங்க. டீசலு காசு கூடத் தேறல. ஒரு லாஞ்சுல விசிறியில வலை சுத்தி அறுந்து போச்சு. ஏன் இப்படி, ஏன் இப்படின்னு பேசிக்கிட்டே இருந்தவங்கள்ல ஒருத்தன் சொன்னான், ‘விடியக்காலம் போட்டுக்குப் போறப்ப காதறுந்த பூனைதான் குறுக்க வந்துச்சு’ன்னு. இன்னொருத்தன் எனக்கும்னான். எல்லாருக்கும் வந்திருக்கு. வராம என்ன, முப்பத்தி நாலு இருக்கே!

உங்களுக்கு இது வேடிக்கையா இருக்கும். எங்க ஆளுங்க தொழிலுக்குப் போறப்ப மூளிக்காது முகத்துல முழிக்க மாட்டாங்க. தாலியறுத்தவ, காதுல கழுத்துல ஒண்ணும் இல்லாதவ எதிர்ல வந்தா திரும்பி வீட்டுக்கு வந்து தண்ணி குடிச்சுட்டுத்தான் போவாங்க. புருசனும் புள்ளையும் இல்லாதவன்னு நீலா வீட்டுப் பக்கமும் விடியக்காலத்துல யாரும் போறதில்ல, சுத்திக்கிட்டுத்தான் போவாங்க. அவளுக்கும் அது தெரியும், வெளிச்சம் வர்ற வரைக்கும் அவ வெளிய வரமாட்டா. பூனைக்கு அது தெரியுமா?

நாட்டார் கூட்டத்துல நான் எந்திரிச்சு சொன்னேன். ‘மாமா, அது மூளி இல்ல, அடையாளம். டாக்டரு வெச்ச அடையாளம். காது நறுக்கியிருந்தா அது இனிமே குட்டி போடாதுன்னு அர்த்தம், பயப்படாதீங்க’ன்னு. நல்லதுக்குத்தான் சொன்னேன். அவரு என்னைப் பாத்தாரு. ‘அப்ப அத்தனையும் மலடுங்குற’ன்னாரு. மூளியும் மலடுமா முப்பத்தி நாலு, கடலுக்குப் போற வழியில. நான் அப்படி நெனச்சுச் சொல்லவேயில்லம்மா.

செவ்வாக்கெழம, தொழிலுக்குப் போகாத நாளாப் பாத்து முடிக்கிறதுன்னு பேசிட்டாங்க. நாட்டாரு என்னைத் தனியாக் கூப்பிட்டு, ‘அவ வாசல்ல வெச்சுத்தான் புடிக்கணும், அவ இருந்தா அழுது கூப்பாடு போடுவா, நீ எங்கயாவது கூட்டிட்டுப் போயிடு’ன்னாரு. நான் என்ன பண்ண? நான் கூட்டிட்டுப் போகலன்னா மட்டும் விட்டிருப்பாங்களா? அவ கண்ணால பாக்காம இருக்கட்டும்னுதான் போனேன். ரேசன் கார்டுக்குக் கைரேகை வெக்கணும், வைக்கலன்னா அரிசி நின்னுடும்னு சொல்லி டவுனுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க போயி ஆபீசர் லீவுன்னு சொன்னேன். ஓட்டல்ல பரோட்டா வாங்கிக் குடுத்தேன். நல்லா சாப்பிட்டா. எத்தனையோ வருசம் கழிச்சு அவ சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தேன். பூனைங்களுக்குன்னு கடைசி பரோட்டாவ தாள்ல மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டா.

அவங்க அவ வாசல்ல ஒரு கூடை சாளை மீனக் கொட்டி, வீச்சு வலைய வீசியிருக்காங்க. வலையோட சுருட்டி, கல்லக் கட்டி, போட்டுல ஏத்தி கடல்ல விட்டுட்டாங்க. என் மவன் சுதாகரும் அந்தப் போட்டுலதான் போனான். அவன் என்ன பண்ணுவான், ஊர்க்கட்டு. தண்ணிக்குள்ள போற வரைக்கும் கத்துச்சாம். அன்னிக்கு அவன் சோறு திங்கல. இளகின மனசு அவனுக்கு, என்னைய மாதிரி.

சாயங்காலம் வந்து வாசல்ல நின்னு ‘வாடா’ன்னா. மறுபடியும் ‘வாடா’ன்னா. வாசல்ல மீன் செதிலு கெடக்குறதப் பாத்துட்டா. என்கிட்ட திரும்பி வந்தா. கத்தல, அடிக்கல. ‘ரேசன் கார்டுக்குக் கைரேகை எதுக்குன்னு இப்பத்தான் புரிஞ்சுதுக்கா’ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா. அந்தப் பேச்சு என்ன பேச்சு? கூட நாலு வார்த்த திட்டியிருந்தா நானும் நாலு வார்த்த பேசித் தீத்திருப்பேன்ல?

அதோட முடிஞ்சிருந்தாலும் பரவாயில்ல. மூணாம் நாளு அந்த வலை கரையில வந்து ஒதுங்கிடுச்சு. கல்ல ஒழுங்காக் கட்டல கடங்காரனுங்க. இவ கத்திய எடுத்துக்கிட்டுப் போயி வலைய அறுத்து ஒண்ணொண்ணா எடுத்து, கூடையில வெச்சுத் தூக்கிக்கிட்டுப் போயி, எங்க பொதைச்சா தெரியுமா? சவுக்குத் தோப்புல. கல்லு நட்ட எடத்துல. எங்க ஊருப் புள்ளைங்களப் பொதைச்ச எடத்துல பூனையக் கொண்டு போயிப் பொதைச்சா ஊரு சும்மா இருக்குமா? அவ புள்ளைங்களும் அங்கதான் இருக்காங்கன்னு நீங்க சொல்லலாம். இருந்தாலும் மத்தவங்க புள்ளைங்களும் இருக்காங்கல்ல. நாட்டாரு ஊர விட்டுத் தள்ளி வெச்சுட்டாரு. அவகூட யாரும் பேசக்கூடாது, கடையில சாமான் குடுக்கக்கூடாது, ஏலக்கூடத்துல உக்காரக்கூடாது. அஞ்சு மாசமாச்சு. நான் மட்டும் மருமவளுக்குத் தெரியாம பின்பக்க ஜன்னல்ல அரிசி வெச்சுட்டு வர்றேன். எடுத்துக்குறா. நான் வெச்சதுன்னு தெரிஞ்சு எடுக்குறாளா, தெரியாம எடுக்குறாளான்னு தெரியல.

இப்ப ரத்தம் போகுது. நர்சு கதவுக்கு வெளிய நின்னு கேட்டதுக்கு, ‘என் வயித்த இன்னொரு தடவ யாரும் அறுக்க விடமாட்டேன்’னு சொல்லியிருக்கா. ‘எடுக்கலன்னா செத்துடுவே’ன்னு நர்சு சொல்லுச்சாம். ‘இந்திராணியக்கா சொல்லிக் குடுத்துச்சா?’ன்னு கேட்டாளாம். எப்படியிருக்கும் எனக்கு? ஊருல எவ செத்தாலும் மொத ஆளா ஓடுறவ நான். எனக்கு அவ வேணும்மா. அவ போயிட்டா, ‘யக்கா, நீயே பாத்துச் சொல்லுக்கா’ன்னு என்கிட்ட கேக்க யாரு இருக்கா? மருமவளா கேக்கப் போறா?

அதான் உங்களக் கூப்பிட்டேன். நான் யோசிச்சு வெச்சிருக்கேன், கேளுங்க. நீங்க போயி கதவத் தட்டி, பூனை டாக்டரு வந்திருக்கேன், அந்த சாம்பல் பூனைக்குத் தையல் போட்ட எடத்துல உள்ள கட்டி இருக்கும், டவுனுக்குக் கொண்டு போயிப் பாக்கணும், நீங்களும் கூட வாங்கன்னு சொல்லுங்க. பூனைக்குன்னா வருவா. தூக்கிக்கிட்டு வருவா. ஆட்டோவுல ஏத்திட்டா நேரா பெரிய ஆஸ்பத்திரி. அங்க போயிட்டா நர்சு பாத்துக்கும், மயக்க ஊசி போட்டுட்டா அப்பறம் என்ன. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொன்னா நம்புவா. அன்னிக்கு உள்ளதச் சொன்னீங்கல்ல, அந்த வாயால ஒரே ஒரு பொய் சொல்லுங்க. ஒரு உசுரு பொழைக்கும்ல?

ஏன் தலைய ஆட்டுறீங்க?

உள்ளதயேவா? உள்ளதச் சொல்லியா கூப்பிடப் போறீங்க? அவகிட்டயா? சரிதான். இத்தனை வருசமா எங்களுக்குத் தோணாதது உங்களுக்குத் தோணுது. சொல்லிப் பாருங்க. டீ ஆறுது, குடிச்சுட்டாவது போங்க… இருங்கம்மா, நான் சொல்லித்தான் வந்தீங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

*

என்ன, தனியா வர்றீங்க? நான் இங்கேருந்தே பாத்துக்கிட்டு இருந்தேன், ஒரு மணி நேரமாக் கதவுகிட்ட உக்காந்திருந்தீங்க. மண்ணெல்லாம் சேலையில ஒட்டியிருக்கு பாருங்க. பேசினாளா? கதவத் தொறந்தாளா?

வர்றேன்னு சொன்னாளா! ஆபரேசனுக்கு? அவ வாயால சொன்னாளா? மாரியாத்தா! நான்தான் சொன்னேன்ல, நீங்க போனா நடக்கும்னு. கெளம்புங்க கெளம்புங்க, ஆட்டோக்காரனுக்கு போன் போடுறேன், இருட்டுறதுக்குள்ள…

‘ஆனா’வா? என்ன ‘ஆனா’?

நானா? நான் அங்க வரணுமா? எதுக்கு?

வாசல்ல நின்னு சொல்லணுமா. என்னத்தச் சொல்லணுமாம்? முடிச்ச அவுக்க முடியாதுன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்னு. தெரிஞ்சுதான் வேன்ல ஏத்தினேன்னு. அத நான் என் வாயால சொன்னா ஆட்டோவுல ஏறிடுறாளா? வேற ஒண்ணும் கேக்கலையா? பூனையப் பத்தி? சுதாகரப் பத்தி? அந்த ஒண்ணு மட்டும்தானா?

இது என்னம்மா வீம்பு. ரத்தம் போயிக்கிட்டே கெடக்கு, இப்பப் போயி இருவது வருசத்துக்கு முந்தின கதையக் கெளர்றா. எனக்கு என்ன தெரியும் அப்ப? படிக்காதவ. நர்சம்மா சொன்னத நான் சொன்னேன். அந்த நர்சம்மாவும் செத்துப்போச்சு, யாருகிட்ட போயிக் கேக்குறது? அதுவுமில்லாம ஊர்க்கட்டு இருக்கு, பட்டப்பகல்ல நான் அவ வாசல்ல நின்னா நாளைக்கு என் மவன எந்த லாஞ்சுலயும் ஏத்த மாட்டாங்க. மருமவ வேற மாசமா இருக்கா. ஊரே வேடிக்க பாக்க, நான் நின்னு… அத எப்படிம்மா சொல்லுறது? நீங்களே சொல்லுங்க, நீங்களா இருந்தா சொல்லுவீங்களா?

சொல்லுவீங்க. நீங்க சொல்லுவீங்க.

அவ கதவுகிட்டயே உக்காந்திருக்காளா? சேலையெல்லாம் நனைஞ்சு போச்சா? கடவுளே.

டாக்டரம்மா, ஒண்ணு பண்ணுங்க. போயி, இந்திராணி வீட்டுல இல்லன்னு சொல்லுங்க. வேளாங்கண்ணிக்குப் போயிருக்கு, திரும்பி வர நாளைக்கு ஆகும், ஆஸ்பத்திரிக்கே நேரா வந்து உன் கட்டிலுகிட்ட நின்னு சொல்லும்னு சொல்லுங்க. போங்கம்மா. நீங்க சொன்னா நம்புவா.